மயில் மீன் வாயில் தொங்கிய தங்கூசி

பேய் என்றால் நடுராத்திரி, சுடுகாடு, வெள்ளைப் புடவை என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். இது பட்டப்பகலில் நடந்தது. ஓசூரில், ஒரு தொழிற்பேட்டை ஷெட்டுக்குள், வெளியே லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நடந்தது. அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க அரை நாள் ஆகும். அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எதையும் கட்டிச் சொல்லவில்லை. சம்பந்தப்பட்டவன் பென்சன். என் டீக்கடைக்கு எதிர் ஷெட். பதினாறு வருஷப் பழக்கம். அவன் பொய் சொல்லாதவன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஒரு பெரிய பொய் சொல்லியிருக்கிறான், அதையும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் இந்த விஷயத்தில் அவன் புளுகவில்லை. அவனுடைய இரண்டு உள்ளங்கைகளையும் நான் பார்த்தேன்.

பென்சனுக்கு ஃபைபர் வேலை. மெஷின் கவர், பஸ் பம்பர், ஓட்டல் வாசலில் நிற்கும் யானை, எதைக் கேட்டாலும் அச்சு எடுத்து வார்த்துக் கொடுப்பான். அவனுக்குச் சோறு போட்டது குருபரப்பள்ளிப் பக்கம் இருக்கும் ஒரு கம்பெனி. அங்கே பர்ச்சேஸ் பார்ப்பவர் பிரேம்குமார். எங்கள் ஊர் வழக்கம் ஊருக்கே தெரியும். பர்ச்சேஸ்காரர் வீட்டில் காதுகுத்து என்றால் பொருள் செய்து கொடுக்கும் வெண்டர்தான் பந்தல்காரனைத் தேடி ஓட வேண்டும். அவருக்குக் கிரிக்கெட் பிடித்தால் வெண்டருக்கும் கிரிக்கெட் பிடிக்க வேண்டும். பிரேம்குமாருக்குத் தூண்டில் பிடித்துப் போயிற்று. அதனால் நீச்சல் தெரியாத பென்சன், போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, கடலுக்குப் போனான்.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். விளையாட்டுக்கு மீன் பிடிக்க வருகிறவர்களுக்கென்று வாடகைக்கு விடும் சின்னப் படகு. முன்னால் டிரைவர். பின்னால் கூடமாட உதவ ஒரு ஆள், வெஸ்லின். முப்பது வயதிருக்கும். கையில் நீலக் கையுறை, வாயில் ஓயாத பேச்சு. கல்யாணமாகி ஒரு வருஷம், மனைவி பெயர் ஜெபசீலி, மாங்காய் என்றால் உயிர் என்பது வரை அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டான்.

அவர்கள் தேடிப் போனது மயில் மீன். முதுகுத் துடுப்பை விரித்தால் மயில் தோகை போல இருக்கும். முன்னால் ஈட்டி போல நீண்ட மூக்கு. விளையாட்டுக்கு வருகிறவர்கள் அதைத் தின்பதற்காகப் பிடிப்பதில்லை. பிடித்து, போட்டோ எடுத்து, உயிரோடு விட்டுவிட வேண்டும். அளவை மட்டும் குறித்துக்கொண்டு வந்தால் அதே அளவில் ஃபைபரில் ஒரு மீன் செய்து சுவரில் மாட்டிக்கொள்ளலாம். பென்சனை அழைத்துப்போனதன் ரகசியம் அதுதான்.

தூண்டிலைப் போட்டுவிட்டுக் காத்திருந்தபோது வெஸ்லின் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னான்.

“எங்கப்பா சங்கு குளிக்கப் போவாங்க சார். இடுப்புல கயிறு. மேல எங்க தாய்மாமா புடிச்சிருப்பாரு. கீழேருந்து மூணு தடவ சுண்டுனா தூக்கிரணும். கேள்வியே கெடையாது பாத்துக்கிடுங்க. தூக்கிரணும்.”

பென்சன் தலையாட்டினான். அவனுக்கு வாந்தி வரும்போல இருந்தது.

மணி 11:22. ரீல் கத்தியது. க்ர்ர்ர்ர்ர்ர்ர்… மீன் இழுத்துக்கொண்டு ஓடும்போது ரீல் சுழன்று எழுப்பும் சத்தம் அது. இருபத்தெட்டு நிமிஷம் மல்லுக்கட்டி மீனைப் படகோரம் கொண்டுவந்தார்கள். உடம்பெல்லாம் எரிகிற நீலம். அப்படியொரு நீலத்தை எந்தப் பெயிண்ட் டப்பாவிலும் பார்த்ததில்லை என்பான் பென்சன்.

தண்ணீரில் வைத்தே போட்டோ எடுங்கள் என்றான் வெஸ்லின். பிரேம்குமாருக்கு மடியில் வைத்து எடுக்க வேண்டும். சரி, தூக்கினார்கள்.

“ரெண்டு நிமிஷம் சார். அதுக்கு மேல வச்சா செத்துரும்.”

ஒன்பது நிமிஷம் ஆனது. பாதி போட்டோவுக்கு. மீதி பென்சனால். எங்கள் ஊர் பழக்கம், எதை அளந்தாலும் மூன்று முறை அளந்து மூன்றையும் எழுத வேண்டும். ஆடிட்டில் கேட்பார்கள். கடலில் யார் ஆடிட் பண்ணப் போகிறார்கள்? ஆனாலும் கை பழகிவிட்டது. மீன் மூச்சுக்குத் தவித்து விரிந்து சுருங்கியதில் டேப்பில் சென்டிமீட்டர் அளவு ஒன்றாக நிற்கவில்லை. 218.4. 218.1. 218.3. எழுதிக்கொண்டான். அதற்குள் நீலம் வடிந்து மீன் சாம்பல் நிறமாகிவிட்டது.

வெஸ்லின் அதைத் தண்ணீரில் இறக்கி, ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டான். படகு மெதுவாக நகர நகர, வாய் வழியே தண்ணீர் ஓடி மீனுக்கு உயிர் வரும். வாயிலிருந்த கொக்கியைக் கழற்றப் போனான்.

“கழட்டாதே. போறப்ப ஒரு குதி குதிக்கட்டும். வீடியோ வேணும்” என்றார் பிரேம்குமார்.

வெஸ்லினுக்கு மனமில்லை. ஆனால் வாடகைக்கு எடுத்தவர் சொல்கிறார். கொக்கியில் கட்டியிருந்த தங்கூசியை, அதாவது தூண்டில் நரம்பை, இன்னொரு கையில் இரண்டு சுற்று சுற்றிப் பிடித்துக்கொண்டான்.

12:04-க்கு மீன் விழித்தது. ஒரே உதறு. வெஸ்லின் தலைகுப்புற விழுந்தான். க்ர்ர்ர்ர்ர்ர்ர்… ரீல் கத்திக்கொண்டே சுற்றியது. அவன் மேலே வரவில்லை.

மெஷின் இருக்கும் ஊரில் வேலை பழகியவனுக்கு முதல் பாடம் ஒன்று உண்டு. ஒருவன் கை மாட்டிக்கொண்டால் யோசிக்காதே, முதலில் கட் பண்ணு. பட்டனை அடி, பெல்ட்டை அறு. பென்சன் அதே பள்ளியில் படித்தவன். பிரேம்குமார் “அறு பென்சன், அறு!” என்று கத்தினார். பென்சன் தங்கூசியைப் பிடித்தான், கத்தியை எடுத்தான், அறுத்தான்.

ரீல் சத்தம் நின்றது.

அந்தத் தங்கூசியின் அடுத்த நுனியில் மீன் மட்டும் இல்லை, வெஸ்லினின் கையும் இருந்தது என்பது அதற்குப் பிறகுதான் அவன் மண்டையில் ஏறியது என்றுதான் முதலில் சொன்னான்.

சாயங்காலம் வரை தேடினார்கள். ஆள் கிடைக்கவில்லை. விசாரணையில், ‘அவராகவே குளிக்கக் குதித்தார்’ என்று பிரேம்குமார் எழுதிக் கொடுத்தார். கீழே பென்சன் கையெழுத்துப் போட்டான். டிரைவர் முன்னால் இருந்ததால் எதையும் பார்க்கவில்லை. அவ்வளவுதான், ஒரு உயிரின் கணக்கு முடிந்தது.

ஜெபசீலிக்கு எப்படியோ பென்சன் நம்பர் கிடைத்தது. ஞாயிறுதோறும் கோயில் ஆராதனை முடிந்ததும் போன் செய்வாள். அழமாட்டாள், திட்டமாட்டாள்.

“கடைசியில என்ன நடந்துச்சுண்ணே?”

“அவராதாம்மா குதிச்சாரு.”

“அவுக கடல்ல குளிக்கவே மாட்டாகண்ணே. ஒடம்பாவது கெடச்சா பெட்டியில வச்சு ஜெபம் பண்ணி அடக்கம் பண்ணிருவேன். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

பென்சன் “பார்ப்போம்மா” என்பான். என்னத்தைப் பார்ப்பான்?

மார்ச் மாதம் பிரேம்குமார் போன் செய்தார். “என்னய்யா, மீன் எங்கே? புது பிளாக் திறக்கிறாங்க. ரிசப்ஷன்ல மாட்டணும்.” போனவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பென்சனும் கேட்கவில்லை. அந்த வருஷ ஆர்டர் இன்னும் கையெழுத்தாகவில்லை.

மீனை வார்த்தான். உள்ளே காலி, வெளியே ஃபைபர் ஓடு, வாய் திறந்திருந்தது. பாரம் தூக்கும் சங்கிலி பிளாக்கில் பச்சை நைலான் கயிறு போட்டுத் தொங்கவிட்டு, திங்கட்கிழமை நீலம் அடித்தான். நன்றாக வந்தது.

செவ்வாய் காலை 8:40. ஷட்டரைத் தூக்கினான். மீன் சாம்பல் நிறத்தில் தொங்கியது.

தேய்ப்பு வேலைக்கு வரும் மாதம்மாள் பின்னாலேயே வந்தாள். சானமாவு காட்டோரத்துக்காரி. யானை குறுக்கே வந்தாலே பதறாதவள்.

“நேத்து நீலமா இருந்துச்சே சார். யார்னா வந்து மாத்தி அடிச்சாங்களா?”

“பெயிண்ட்ல கலந்த தின்னர் சரியில்ல” என்றான் பென்சன்.

மறுபடி அடித்தான். புதன் காலை மறுபடி சாம்பல். அந்த நிறத்தை அவனுக்குத் தெரியும். படகில், அவன் டேப்புக்குக் கீழே, அதே நிறம்தான் வந்தது.

பழக்க தோஷம், டேப்பை எடுத்து அளந்தான். 218.4. திரும்ப அளந்தான். 218.1. மூன்றாவது முறை, 218.3.

கல்போல இறுகின ஃபைபர் அது. மூன்று முறை அளந்தால் மூன்று முறையும் ஒரே அளவுதான் வர வேண்டும். பென்சன் டேப்பைக் கீழே போட்டான்.

அன்றைக்கு மதியம் 12:04. க்ர்ர்ர்ர்ர்ர்…

மாதம்மாள் நிமிர்ந்தாள். “கிரைண்டர் ஓடுது சார்.”

கிரைண்டர் ஓடவில்லை. அதன் பிளக் தரையில் கிடந்தது.

சத்தம் மீனுக்குள்ளிருந்து வந்தது. ஏழெட்டு விநாடி. பிறகு நின்றது. மீனின் வாயிலிருந்து ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு… தரையில் சின்னக் குட்டையாகத் தேங்கியது. மாதம்மாள் துடைக்கப் போய் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். நாளெல்லாம் உப்புத்தாள் தேய்த்துத் தோலுரிந்த விரல்கள்.

“எரியுது சார். இது உப்புத் தண்ணி.”

அவள் மீனைப் பார்க்கவில்லை, பென்சனைத்தான் பார்த்தாள்.

“யாரையோ கூட்டிகினு வந்துட்டீங்க சார். யாருன்னு உங்களுக்குத் தெரியும். நான் நாளைலேருந்து வரல.”

சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வியாழக்கிழமை. பன்னிரண்டரைக்கு வண்டியோடு வருவதாக பிரேம்குமார் சொல்லியிருந்தார். பென்சன் தனியாக மூன்றாம் முறை நீலம் அடித்துக்கொண்டிருந்தான். தலை சுற்றும் வெயில். வெளியே தூசி பறந்ததால் ஷட்டரை இறக்கி வைத்திருந்தான்.

11:50-க்குக் கரண்ட் போயிற்று. மாதாந்திர மெயின்டனன்ஸ். கம்ப்ரசர் நின்றது. ஃபேன் நின்றது. தகரக் கூரையில் இருந்த ஓட்டை வழியே வந்த வெளிச்சம் மட்டும் மீன்மேல் விழுந்தது.

உச்சி வேளையில் தனியாக இருக்கக் கூடாது என்று அவன் அம்மா சொல்வாள். வெளியே போய் டீ குடிக்கலாம் என்று நினைத்தான். எதிரே நான்தான் இருந்தேன். வந்திருக்கலாம்.

12:04.

க்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்…

இந்த முறை அவன் பார்த்தான். மீனின் வாயிலிருந்து ஒரு தங்கூசி தொங்கியது. தரையில் சுருள் சுருளாகக் கிடந்தது. அவன் போட்டதல்ல. அந்தச் சுருள் அவிழ்ந்து, அவிழ்ந்து, வேகமாக மீனின் வாய்க்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசிச் சுருள்… கடைசி முழம்…

பென்சன் பாய்ந்து பிடித்தான். ஏன் என்று அவனுக்கே தெரியாது.

சத்தம் நின்றது.

தங்கூசி விறைத்து நின்றது. ஈரம். பனிக்கட்டிபோலக் குளிர்ச்சி.

ட்டக்.

ட்டக்.

ட்டக்.

மூன்று சுண்டு.

பென்சன் அப்படியே மண்டியிட்டு அழுதான். ஏனென்றால் அவன் அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. அன்றைக்குப் படகில், அறுப்பதற்கு முன்னால், அவன் கையில் இதே மூன்று சுண்டு வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, தெளிவாக. அதற்குப் பிறகுதான் அறுத்தான். கத்தி ஏற்கெனவே கையில் இருந்தது. ‘அறு’ என்று கஸ்டமர் கத்திக்கொண்டிருந்தார்.

“இந்த வாட்டி விட மாட்டேன் வெஸ்லின். இழுக்கிறேன்… இழுக்கிறேன்.”

இழுத்தான்.

வந்தது. ஒரு முழம், பத்து முழம், நூறு முழம். அந்த மீனுக்குள் அவ்வளவு நீளம் இருக்க வழியே இல்லை. கடற்பாசி ஒட்டிக்கொண்டு வந்தது. ஷெட் முழுக்கக் கடல் நாற்றம். தங்கூசி இரண்டு உள்ளங்கையையும் அறுத்தது. ரத்தத்தில் வழுக்கியது. மீனைத் தொங்கவிட்டது போக மிஞ்சி, பெயிண்ட் பிசுபிசுத்துக் கிடந்த பச்சைக் கயிற்றில் ஒரு துண்டை எடுத்து, மீன் வாயருகே தங்கூசியில் முடிச்சுப் போட்டு, கயிற்றைத் தோளில் மாட்டி இழுத்தான்.

12:20. கனம் கூடிக்கொண்டே வந்தது.

12:26. மீனின் நிறம் மாறியது. அவன் கண்ணெதிரே, மூக்கிலிருந்து வால் வரை, எரிகிற நீலம்.

12:29. வெளியே ஹாரன்.

மேஜையில் இருந்த போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

ஷட்டரை யாரோ தட்டினார்கள். “பென்சன்! திறய்யா! எம்.டி.யும் கூட வந்திருக்கார்.”

பென்சன் விடவில்லை. இழுத்தான்.

மீனின் வாய்க்குள், இருட்டுக்குள், மிகப் பக்கத்தில்…

“சார்… தூக்கிருங்க சார்…”

ஷட்டர் அடியில் இரண்டு கைகள் நுழைந்தன. ஷட்டர் மேலே ஏறத் தொடங்கியது. அரை அடி… ஒரு அடி… பளபளக்கும் ஷூக்கள் தெரிந்தன.

இந்த வாயிலிருந்து எது வந்தாலும், அவர்கள் பார்ப்பார்கள். பார்த்தால் கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும்.

ஃபைபர் இழைப் பாயை வெட்டும் கத்தி எட்டும் தூரத்தில் இருந்தது.

அறுத்தான்.

12:31.

அறுந்த பச்சைக் கயிற்றுத் துண்டு, தங்கூசியோடு சேர்ந்து, சரசரவென்று மீனின் வாய்க்குள் ஓடி மறைந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

எது பெரிய பயம் என்று நான் பிறகு கேட்டேன். பென்சன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “வாய்க்குள்ள இருந்தவன நெனச்சு நான் பயப்படலண்ணே. வெளிய நின்னவருக்குத்தான் பயந்தேன்.” த்தூ என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். இந்த ஊரில் யார் யாரைத் துப்புவது?

உள்ளே வந்த பிரேம்குமார் அசந்துபோனார். “கலர் பிரமாதம்யா! உயிரோட இருக்கிற மாதிரியே இருக்கு.” தரையில் தங்கூசி ஒரு முழம்கூட இல்லை. தண்ணீர் மட்டும் கணுக்கால் நனையும் அளவுக்கு நின்றது. “பைப் உடைஞ்சிடுச்சு சார்” என்றான் பென்சன், கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு. மீனை வண்டியில் ஏற்றினார்கள். ஆர்டரிலும் கையெழுத்தானது.

சனிக்கிழமை கம்பெனியிலிருந்து கம்ப்ளெயின்ட். மீன் வாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, ரிசப்ஷன் தரை பாழாகிறது. கஸ்டமர் கம்ப்ளெயின்ட் என்றால் அன்றைக்கே முடிக்க வேண்டும். பென்சன் ரெசினும் ஃபைபர் துண்டும் எடுத்துக்கொண்டு குருபரப்பள்ளிக்குப் போனான். கட்டுப் போட்ட கையோடு ஏணியில் ஏறி, அந்த வாயைத் தொண்டை வரை அடைத்துப் பூசினான். பிற்பகல் மூன்று மணிக்கு ரெசின் இறுகிவிட்டது. தண்ணீர் நின்றது.

மறுநாள் ஞாயிறு. ஜெபசீலி போன் செய்தாள். பென்சன் அப்போது என் கடையில் இருந்தான். கையில் கட்டு இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டான். அதனால் இந்தக் கடைசிப் பகுதியை அவன் சொல்லி நான் கேட்கவில்லை. நானே கேட்டேன்.

முதல் முறையாக அவள் குரல் உடைந்திருந்தது.

“அண்ணே… வியாழக்கெழம அவுக வந்தாக.”

பென்சன் போனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான்.

“மத்தியானம் கரையில மீன் காயப்போட்டுக்கிட்டு நின்னோம். பத்துப் பேரு பாத்தோம்ணே. ஆழத்துலேருந்து கரையப் பாத்து நேரா வந்தாக. ஒரு கையி முன்னால நீட்டியிருக்கு. நீலக் கையுறை. யாரோ கயித்துல கட்டி இழுக்காப்புல, நீரோட்டத்துக்கு எதிர்க்க வந்தாக. எங்க மச்சாமாரு ரெண்டு பேரு தண்ணிக்குள்ள எறங்கிட்டாக. இன்னும் இருவது அடிதான் இருக்கும்… அப்படியே நின்னுட்டு முங்கிட்டாகண்ணே. நா மணி பாத்தேன். பன்னெண்டு முப்பத்தொண்ணு.”

டீ கொதித்து வழிந்தது. நான் அடுப்பை அணைக்கவில்லை.

“ஒரு பச்சக் கயிறு மட்டும் ஒதுங்குச்சு. அதுல நீலப் பெயிண்டு. நுனி, கத்தி வச்சு அறுத்தாப்புல இருக்கு. யாருண்ணே அறுத்தது?”

பென்சனின் கட்டு நனைந்து சிவந்துகொண்டிருந்தது.

“வெள்ளிக்கெழமயும் வந்தாகண்ணே. தூரத்துல அந்தக் கை மட்டும் தெரிஞ்சுது. நேத்து மத்தியானமும் தெரிஞ்சுது, மூணு மணி வரைக்கும்.”

போனில் அலைச் சத்தம் மட்டும் கேட்டது.

“அதுக்கப்புறம் காணலண்ணே. எவனோ வழிய அடச்சுட்டாப்புல, சுத்தமாக் காணல.”